சாவக நாட்டுச் சிற்றூரில் உயிரும் உடைமையும் காக்கும் முறைகள்



களத்தில் குவித்த நெல், கொட்டிலில் கட்டிய மாடு, காலடியில் உள்ள நிலம் ஆகிய இம்மூன்றும்தான் சிறு விவசாயியின் சொத்து. ஓர் இரவில் மாடு களவு போனால் பல ஆண்டுச் சேமிப்பு போய்விடுகிறது. ஒரு பொறி பறந்தால் ஆறு மாத உழைப்பு சாம்பலாகிறது. பத்திரம் சரியில்லை என்றால் பாட்டன் காலத்து நிலமே கைமாறிவிடுகிறது. காவல் நிலையமும் தீயணைப்பு நிலையமும் பெரும்பாலும் தொலைவில் உள்ளன. அவர்கள் வந்து சேரும்வரை ஊரைக் காப்பது யார்?

இக்கேள்விக்கு இந்தோனேசிய நாட்டின் சிற்றூர்கள், குறிப்பாக ஜாவாத் தீவின் சிற்றூர்கள், தமக்கென்று சில விடைகளைக் கண்டுள்ளன. அவற்றுள் நல்லவையும் உண்டு, குறையுள்ளவையும் உண்டு. அவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஜாவா நமக்கு முற்றிலும் புதிய நாடன்று. மணிமேகலைக் காப்பியம் குறிப்பிடும் சாவக நாடு இப்பகுதியே என்பர் அறிஞர். நம் 'கடை' என்னும் சொல் அங்கே 'கெடாய்' என்று இன்றும் வழங்குகிறது. நம் வயல்களில் அதிசய நெல் என்று பெயர் பெற்ற ஐ.ஆர்.8 இரகத்தின் பெற்றோர்களுள் ஒன்றான 'பேத்தா' இந்தோனேசியாவிலிருந்து சென்ற நெல்லேயாகும்.

ஜாவா பரப்பளவில் ஏறத்தாழத் தமிழ்நாட்டின் அளவே உள்ளது. ஆனால் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அத்தீவில் 15 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். ஆகவே நிலம் மிகவும் துண்டுபட்டுள்ளது. அரை எக்டர், அதாவது ஒன்றேகால் ஏக்கர்கூட இல்லாத விவசாயக் குடும்பங்களே அங்கு மிகுதி. இழப்பைத் தாங்கும் வலிமை அவர்களுக்குக் குறைவு. எனவேதான் காவலில் இத்தனை கவனம் செலுத்துகின்றனர்.

ஊரின் அமைப்பு

அங்கே ஊராட்சிக்கு 'தேசா' என்று பெயர். இச்சொல் வடமொழியிலிருந்து சென்றது. நம் 'தேசம்' என்பதும் அதே மூலத்திலிருந்து வந்ததுதான். ஒரு தேசாவில் பல குக்கிராமங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் சில பத்து வீடுகள் கொண்ட அண்டை வீட்டார் குழுக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இக்குழுவை 'ருக்குன் தெதாங்கா' என்பர். 'அண்டை வீட்டார் ஒற்றுமை' என்பது இதன் பொருள். இரண்டாம் உலகப் போரின்போது ஜாவா ஜப்பானியர் வசம் இருந்தது. அப்போது 1944இல் அவர்கள் புகுத்திய அண்டை வீட்டார் குழு முறையே இதன் தொடக்கம். மக்களைக் கண்காணிக்கவும் பொருள்களைப் பங்கிடவும் அன்னியர் ஏற்படுத்திய அமைப்பு அது. அவர்கள் போன பின்னரும் அமைப்பு நிலைத்துவிட்டது. இன்று அது பெரும்பாலும் மக்களின் தேவைக்கே பயன்படுகிறது.

குழுவின் தலைவரை அக்குழுவினரே தம்முள் தேர்ந்தெடுக்கின்றனர். யார் வீட்டில் யார் இருக்கிறார், யார் வெளியூர் போயிருக்கிறார், யார் நோயுற்றிருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வெளியூர் விருந்தினர் 24 மணி நேரத்துக்குள் தம் வருகையைத் தெரிவிக்க வேண்டும் என்னும் அறிவிப்புப் பலகையைப் பல தெருமுனைகளில் காணலாம். பெண்களுக்கென்று பத்து முதல் இருபது வீடுகள் கொண்ட தனிக் குழுக்களும் உள்ளன. கருவுற்ற தாய்மார், கைக்குழந்தைகள், முதியோர் பற்றிய விவரங்களை இவர்கள் குறித்து வைக்கின்றனர். இந்தக் கணக்கின் பயனைப் பின்னர் காண்போம்.

இரவுக் காவல்

ஊரின் முச்சந்தியில் நான்கு கால் நட்டு, மேலே ஓடோ தகரமோ வேய்ந்த சிறு காவல் குடில் ஒன்று இருக்கும். இங்கிருந்துதான் 'ரொண்டா' எனப்படும் இரவுக் காவல் நடக்கிறது. முறை வைத்து ஒவ்வோர் இரவும் வெவ்வேறு வீட்டு ஆடவர் சிலர் காவலுக்கு வருவர். முறை தவறுபவர் சிறு தண்டம் கட்டுவதும் பல ஊர்களில் வழக்கம். 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அரசும் காவல்துறையும் இவ்வழக்கத்தை நாடு முழுவதற்குமான முறையாக ஆக்கின.

குடிலில் தொங்கும் முக்கியக் கருவி 'கென்தோங்கான்' என்பதாகும். மூங்கில் கணுவையோ பலா முதலிய கட்டையையோ குடைந்து, நீளவாக்கில் ஒரு பிளவு விட்டுச் செய்வர். கட்டையால் அடித்தால் ஓசை வெகுதூரம் கேட்கும். இதன் சிறப்பு அடிக்கும் கணக்கில் உள்ளது. ஊருக்கு ஊர் சிறு மாற்றம் இருப்பினும் பொதுவான முறை வருமாறு:

1. ஒவ்வோர் அடியாக விட்டுவிட்டு அடித்தால் – கொலை அல்லது சாவு.
2. இரண்டிரண்டு அடி – வீட்டில் திருட்டு.
3. மும்மூன்று அடி – தீ விபத்து.
4. நந்நான்கு அடி – வெள்ளம் முதலிய இயற்கைச் சீற்றம்.
5. ஐயைந்து அடி – கால்நடைத் திருட்டு.
6. ஓர் அடி, தொடர்ந்து எட்டு அடி, மீண்டும் ஓர் அடி – அச்சமில்லை, ஊர் நலம்.

அடியை எண்ணிக் கேட்பதால் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். வெறும் கூச்சல் மக்களை எழுப்பும், ஆனால் என்ன செய்வது என்று சொல்லாது. மும்மூன்று அடி கேட்டவர் குடத்துடனும் வாளியுடனும் ஓடுவார். ஐயைந்து அடி கேட்டவர் ஊருக்கு வெளியே செல்லும் பாதையை மறிக்க ஓடுவார். கதவைத் திறக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை தெரிந்துவிடுகிறது. மின்சாரம் நின்றாலும், தொலைபேசி இயங்காவிட்டாலும் மூங்கில் பேசும். கால்நடைத் திருட்டுக்கென்று தனி அடி வைத்திருப்பதிலிருந்தே அங்குள்ள உழவர் மாட்டை எவ்வளவு பெரிதாக மதிக்கின்றனர் என்பது விளங்கும்.

ஒரு சிட்டிகை அரிசி

காவலுக்கு வருபவர் கூலி வாங்குவதில்லை. எனினும் விளக்கு, குடில் பழுது, காப்பித்தூள் முதலியவற்றுக்குச் செலவு உண்டு. இதற்கு ஜாவாவின் உழவர் கண்ட வழி 'ஜிம்பித்தான்' என்பதாகும். விரல் நுனிகளால் அள்ளும் சிறு அளவு என்பது இதன் பொருள். ஒவ்வொரு வீட்டின் முன்பும் ஒரு மூங்கில் குழலோ சிறு டப்பாவோ தொங்கும். வீட்டுப் பெண்மணி இரவு படுக்கப் போகும் முன் அதில் சிறிது அரிசி இட்டு வைப்பார். காவலர் சுற்றி வரும்போது அதனைத் திரட்டிக்கொள்வர். இப்போது பல ஊர்களில் அரிசிக்குப் பதிலாக 500 அல்லது 1,000 ரூப்பியா நாணயம் இடுகின்றனர்.

இதன் கணக்கைப் பாருங்கள். 40 வீடுகள் உள்ள ஒரு குழுவில் வீட்டுக்கு 50 கிராம் வீதம் இட்டால் ஓர் இரவுக்கு 2 கிலோ ஆகும். மாதத்துக்கு 60 கிலோ, ஆண்டுக்கு 7 குவிண்டாலுக்கும் மேல் சேரும். 50 கிராம் அரிசியை இழந்ததாக எந்தக் குடும்பமும் உணராது. ஆனால் சேர்ந்த தொகையைக் கொண்டு நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்பலாம், இறந்தவர் வீட்டுக்கு உதவலாம், தெருவிளக்கு போடலாம்.

இதில் இன்னொரு பயனும் மறைந்துள்ளது. அரிசி திரட்ட வேண்டுமாயின் காவலர் ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். குடிலில் படுத்து உறங்கிவிட்டுக் காலையில் காவல் புரிந்ததாகக் கூற முடியாது. ஒரு வீட்டில் அரிசி வைக்கப்படவில்லை என்றால், அங்கு யாருக்கேனும் உடல்நலம் குன்றியுள்ளதா என்று மறுநாள் விசாரிக்கவும் வாய்ப்பு ஏற்படுகிறது. நிதியும் கண்காணிப்பும் ஒரே செயலில் முடிந்துவிடுகின்றன.

கால்நடைகளுக்குப் பொதுக் கொட்டில்

நம் மொழியில் 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு என்பதை அறிவீர்கள். ஜாவா மொழியில் கால்நடைகளை 'ராஜகாயா' என்பர். அச்சொல்லிலும் செல்வம் என்னும் கருத்து அடங்கியுள்ளது. யோக்யகர்த்தா பகுதியில் பல சிற்றூர்களில் பொதுக் கொட்டில் முறை உள்ளது. ஊருக்குச் சற்று ஒதுக்குப்புறமாக ஒரே இடத்தில் வரிசையாகக் கொட்டில் அமைத்து, பலருடைய மாடுகளையும் அங்கே கட்டுவர். மாடு அவரவருடையது. தீனி போடுவதும் அவரவர் பொறுப்பு. இரவுக் காவல் மட்டும் முறை வைத்துப் பொதுவில் நடக்கும்.

இதனால் மூன்று நன்மைகள் உண்டு. தனித்தனி வீட்டில் கட்டிய மாட்டைவிடக் காவலுள்ள ஒரே இடத்திலுள்ள மாட்டைத் திருடுவது கடினம். வீட்டுக்குள்ளும் வீட்டை ஒட்டியும் சாணமும் ஈயும் சேர்வது குறைகிறது. எரு ஒரே இடத்தில் சேர்வதால் மக்க வைக்கவும், சாண எரிவாயுக் கலன் அமைக்கவும் வசதியாகிறது. ஆனால் ஒரு மாட்டுக்குத் தொற்றுநோய் வந்தால் விரைவில் மற்றவற்றுக்கும் பரவும் என்பதை மறக்கலாகாது. கோமாரி நோய் பல்லாண்டுகளுக்குப் பின் 2022இல் இந்தோனேசியாவில் மீண்டும் தலைகாட்டியது. பொதுக் கொட்டில் அமைப்போர் தடுப்பூசி போடுவதிலும், புதிதாக வாங்கிய மாட்டைச் சில நாள் தனியே கட்டுவதிலும் இரட்டிப்புக் கவனம் செலுத்த வேண்டும்.

தானியத்தைத் தள்ளி வைத்தல்

மேற்கு ஜாவாவிலும் பாந்தென் பகுதியிலும் வாழும் சுண்டானிய உழவர்களுள் சிலர் நெல்லைக் கதிரோடு அறுத்து, உலர்த்திக் கட்டுகளாக்கி, 'லெயிட்' எனப்படும் மரக் குதிர்களில் சேமிக்கின்றனர். பாந்தெனிலுள்ள கானெக்கெஸ் ஊரின் பதுய் மக்கள் இக்குதிர்களை வீடுகளிலிருந்து விலக்கித் தனியிடத்தில் அமைக்கின்றனர். மூங்கிலும் ஓலையும் கொண்ட வீடுகளில் தீப்பிடித்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். வீடு எரிந்தாலும் ஊரின் உணவு எரியக்கூடாது என்பதே இதன் நோக்கம். குதிர் கால்களின் தலைப்பில் வட்டமான மரத்தட்டு ஒன்றைச் செருகுகின்றனர். காலில் ஏறி வரும் எலி தட்டின் அடிப்புறத்தைத் தாண்ட முடியாமல் திரும்பிவிடும். மருந்தில்லாமல் எலியைத் தடுக்கும் எளிய முறை இது.

எலிக்கு வைத்த மின்சாரம் ஆளைக் கொன்ற கதை

எலி என்றதும் ஒரு துயரச் செய்தியையும் கூற வேண்டியுள்ளது. நடு ஜாவாவின் ஸ்ராகென் மாவட்டம் நெல் விளையும் பகுதி. அங்கு எலித் தொல்லை மிகுந்தபோது உழவர்கள் வயலைச் சுற்றிக் கம்பி கட்டி அதில் மின்சாரம் பாய்ச்சத் தொடங்கினர். 2020ஆம் ஆண்டு முதல் அம்மாவட்டத்தில் இவ்வாறு கட்டிய கம்பியில் சிக்கிப் பலர் உயிரிழந்துள்ளனர். இவர்களுள் அண்டை வயல்காரரும் உண்டு, தம் கையால் கம்பி கட்டியவரும் உண்டு. மின்சாரத்தை நிறுத்த மறந்து இருட்டில் தண்ணீர் பார்க்கப் போனவர், ஈர வரப்பில் கால் வழுக்கியவர் என்று ஒவ்வொரு சாவும் ஒரு நொடியில் நிகழ்வது. சில மூட்டை நெல்லைக் காக்கப் போய் உயிரைக் கொடுப்பது எவ்வகையிலும் இலாபமன்று. பிறர் இறந்தால் கம்பி கட்டியவர் குற்றவாளியாக நீதிமன்றம் ஏறவும் நேரும்.

இதற்கு மாற்று வழியும் அதே நடு ஜாவாவில்தான் உள்ளது. தெமாக் மாவட்டத்தின் த்லோகொவேரு ஊரார் கூகைகளை வளர்த்துப் பெருக்கினர். வயல் நடுவே உயரமான கம்பங்களில் மரப்பெட்டிக் கூடுகள் அமைத்தனர். கூகை இரவில் வேட்டையாடும் பறவை. அதன் உணவில் எலியே முதன்மை. குஞ்சு பொரிக்கும் காலத்தில் அது பிடிக்கும் எலிகளின் எண்ணிக்கை மேலும் கூடும். கூகையைச் சுடுவதையும் பிடிப்பதையும் ஊர்க் கட்டுப்பாட்டால் தடுத்தனர். மற்ற ஊர்களின் உழவர்கள் வந்து பார்த்துக் கற்கும் இடமாக அவ்வூர் விளங்குகிறது. கூகை அமைத்த வயலில் எலி நஞ்சு வைத்தல் கூடாது. நஞ்சு தின்ற எலியைத் தின்று கூகையும் இறந்துவிடும்.

நிலமும் பத்திரமும்

கண்ணுக்குத் தெரியும் திருட்டைக் காவலர் தடுக்கலாம். காகிதத்தில் நடக்கும் திருட்டை எப்படித் தடுப்பது? இந்தோனேசியாவில் 1960ஆம் ஆண்டின் அடிப்படை நிலச் சட்டம் நில உரிமைக்கு ஒரே முறையை வகுத்தது. முழு உரிமை அந்நாட்டுக் குடிமக்களுக்கே உண்டு. அன்னியர் முழு உரிமையில் நிலம் வாங்க இயலாது. ஆனால் சட்டம் வந்த பின்னரும் பெரும்பாலான கிராம நிலங்களுக்குப் பதிவுச் சான்றிதழ் இருக்கவில்லை. வரி கட்டியதற்கான 'கிரிக்' என்னும் பழைய தாளும், ஊர் அலுவலகத்திலுள்ள பேரேட்டுப் பதிவுமே உழவர் கையில் இருந்தன.

வரி கட்டிய சான்று வேறு, உரிமைப் பத்திரம் வேறு. இதனை அறியாமையால் அங்கு வழக்குகள் பெருகின. தந்தை இறந்த பின் பிள்ளைகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொள்வர். எதுவும் எழுதப்படாது. ஒருவர் நகரம் செல்வார். இருபது ஆண்டுகள் கழித்து அவர் மகன் வந்து எல்லை எது என்று கேட்பான். சாட்சி சொல்ல வேண்டிய பெரியவர் அதற்குள் மறைந்திருப்பார்.

நாட்டில் ஏறத்தாழ 12.6 கோடி நிலத்துண்டுகள் இருப்பதாக அரசு கணக்கிட்டது. அவற்றுள் 2015 வரை 4.6 கோடிக்கே சான்றிதழ் இருந்தது. எனவே 2017 முதல் ஊர் ஊராக எல்லா நிலத்தையும் ஒருசேர அளந்து பதிவு செய்யும் திட்டம் முடுக்கிவிடப்பட்டது. 2021 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அரசு விதி, பழைய தாள்களை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள 5 ஆண்டுக் கெடு விதித்தது. கெடு கடந்தால் அத்தாள்கள் உரிமைச் சான்றாகா. நிலத்தை அடையாளம் காட்டும் குறிப்பாக மட்டுமே கொள்ளப்படும்.

இத்திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது எல்லைக்கல் நடும் முறையாகும். அளவையர் வருமுன்பே நிலத்துக்காரரும் அண்டை நிலத்துக்காரரும் சேர்ந்து நின்று, இருவர் சம்மதத்துடன் எல்லைக்குறி நட வேண்டும். அண்டை வீட்டார் உயிரோடும் நட்போடும் இருக்கும்போதே எல்லையை முடித்துக்கொள்வது அறிவுடைமை. பகை மூண்ட பின் நடும் கல் நிலைப்பதில்லை.

வீடே எமனாகும் வேளை

2006ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் விடியற்காலை 6 மணிக்குச் சற்று முன் யோக்யகர்த்தாவின் தெற்கே பந்துல் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. 5,700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நில அதிர்ச்சி ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. கொன்றது பெரும்பாலும் வீட்டுச் சுவர்தான். கம்பியோ பிணைப்போ இல்லாமல் கட்டிய செங்கல் சுவர்கள் உறங்கியவர்கள்மேல் சரிந்தன. மூங்கில் தட்டி வைத்த பழைய வீடுகள் அசைந்தனவே தவிர, அவ்வளவாக ஆளைக் கொல்லவில்லை. மச்சு வீடு என்ற பெருமைக்காகக் கட்டியது பாதுகாப்பைக் குறைத்துவிட்டது.

மீண்டும் வீடு கட்ட அரசு தந்த தொகை தனியாருக்கு நேராகப் போகவில்லை. பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்த குழுக்கள் வழியே தவணை தவணையாகக் கொடுக்கப்பட்டது. ஒரு கட்டம் சரியாக முடிந்த பின்னரே அடுத்த தவணை. அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் கூலியின்றிக் கைகொடுக்கும் பழைய வழக்கம் அங்கு உண்டு. அதனால் வேலை விரைந்து நடந்தது. மூலைத்தூணும், அடியிலும் மேலும் கட்டும் பிணைப்பு உத்திரமும் புதிய வீடுகளில் இடம்பெற்றன.

எரிமலையும் கறவை மாடும்

உயிரா, உடைமையா என்ற கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் மெராபி மலை. யோக்யகர்த்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ள இந்த எரிமலையின் சரிவில் சாம்பல் படிந்த வளமான மண் உண்டு. புல் செழித்து வளரும். ஆகவே உழவர் அங்கே கறவை மாடு வளர்த்துப் பால் விற்று வாழ்கின்றனர்.

2010 அக்டோபர் 25ஆம் நாள் மலைக்கு உச்ச அபாய நிலை அறிவிக்கப்பட்டது. மக்களை இறங்கச் சொன்னார்கள். மறுநாள் மாலை மலை வெடித்தது. தீக்குழம்பு மெல்ல ஓடி வந்ததாக எண்ண வேண்டாம். பல நூறு பாகை வெப்பமுள்ள சாம்பலும் வாயுவும் மேகம்போல் உருண்டு, எந்த வண்டியும் முந்த முடியாத வேகத்தில் சரிவில் இறங்கியது. நவம்பர் 5ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் நிகழ்ந்த பெருவெடிப்பில் மலையுச்சியிலிருந்து 13 கி.மீ.க்கு அப்பாலுள்ள ஊர்களிலும் மக்கள் மடிந்தனர். அவ்வாண்டு மொத்தம் 350 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ஏறத்தாழ மூன்றரை இலட்சம் மக்கள் முகாம்களில் தங்கினர்.

எச்சரிக்கை கிடைத்த பின்னரும் ஏன் பலர் மேலே போனார்கள்? மாட்டுக்குப் புல் போட. முகாமில் மனிதருக்குச் சோறு இருந்தது, கொட்டிலில் மாட்டுக்குத் தீனி இல்லை. பால் கறக்காவிட்டால் மடி நோய் வரும். பகலில் மேலேறிப் புல் அறுத்துப் போட்டுவிட்டு மாலையில் இறங்கினர். மாடு வளர்க்கும் எவரும் அவர்களைக் குறைகூற மாட்டார். இதனை உணர்ந்த அரசு, மாடுகளை விலை கொடுத்து வாங்கிக்கொள்வதாகப் பின்னர் அறிவித்தது.

மாட்டுக்கு வழி செய்யாத வரையில் மனிதரைக் காக்க முடியாது என்பது இதிலிருந்து தெளிந்த பாடம். அதன்பின் மலையின் மேற்கிலுள்ள மாகெலாங் மாவட்டத்தில் 'உடன்பிறப்பு ஊர்' முறை வளர்ந்தது. அபாய வட்டத்திலுள்ள ஒவ்வோர் ஊருக்கும் கீழே பாதுகாப்பான ஓர் ஊரைத் துணையாக அமைத்தனர். யார் எங்கே தங்குவது, எந்த வண்டியில் போவது, கால்நடைகளை எங்கே கட்டுவது என்பதெல்லாம் மலை அமைதியாக இருக்கும்போதே பேசி எழுதப்பட்டன. 2020 நவம்பரில் அபாய நிலை உயர்த்தப்பட்டபோது, க்ரிஞ்சிங் ஊரின் முதியோர், குழந்தைகள், கருவுற்ற பெண்கள் முதலியோர் முன்கூட்டியே தம் துணை ஊரான தெயாங்கானுக்குச் சென்றனர். அண்டை வீட்டார் குழுக்கள் வைத்திருந்த பெயர்க் கணக்கு இங்கேதான் பயன்பட்டது. யாரை முதலில் ஏற்றுவது என்று அந்நேரத்தில் தேட வேண்டியிருக்கவில்லை.

ஒரு சொல் காத்த தீவு

கடலோர உழவர்களுக்கு இன்னொரு செய்தி. 2004 டிசம்பர் 26ஆம் நாள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொன்ற ஆழிப்பேரலை சுமத்திரா கடலில் பிறந்தது. அது பிறந்த இடத்துக்கு மிக அருகில் சிமெலுவே என்னும் தீவு உள்ளது. சில நிமிடங்களிலேயே அலை அங்கு சேர்ந்தது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர் 7 பேர் மட்டுமே.

அங்கே 1907இலும் இதேபோன்ற அலை வந்து பலரை அழித்தது. தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டுத் தம் பேரப் பிள்ளைகளுக்குக் கதையாகவும் தாலாட்டாகவும் சொல்லி வந்தனர். நிலம் பலமாக நடுங்கி, கடல் பின்வாங்கினால் எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடு என்பதே அதன் சாரம். 97 ஆண்டுகள் கழித்து ஒருவர் 'ஸ்மோங்' என்று கத்தினார், ஊரே ஓடியது. கருவி இல்லை, அறிவிப்பு இல்லை. பாட்டி சொன்ன சொல் இருந்தது.

குறைகளும் உண்டு

இவற்றையெல்லாம் பார்த்து அச்சிற்றூர்களில் குறையே இல்லை என்று எண்ணலாகாது. பிடிபட்ட திருடனைக் காவல்துறையிடம் ஒப்படைக்காமல் கூட்டமாக அடித்துக் கொன்ற நிகழ்ச்சிகள் அங்கு உண்டு. அவர்களுள் தவறாகச் சந்தேகிக்கப்பட்டவரும் இருந்தனர். ஒரு மாட்டுக்கு ஓர் உயிர் என்பது நீதியாகாது. ஊர்க்காவலின் வேலை எழுப்புவது, மறிப்பது, பிடித்து ஒப்படைப்பது ஆகியவற்றோடு முடிகிறது. தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை.

மேலும், இளைஞர் வேலை தேடி நகரம் செல்வதால் பல ஊர்களில் காவலுக்கு ஆள் குறைந்துவிட்டது. குடில் இருக்கும், மூங்கில் தொங்கும், அடிக்க ஆள் இராது. சில இடங்களில் கண்காணிப்புக் கருவி மாட்டியுள்ளனர். அக்கருவி திருடன் போனதைக் காட்டும். ஓடி வந்து மறிக்க ஆள்தான் வேண்டும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. அபாயக் குறிகளை ஊர் கூடி முன்பே முடிவு செய்யுங்கள். குழந்தைகளும் அறிந்திருக்க வேண்டும்.
2. சிறு தொகையை எல்லோரும் தவறாமல் சேர்த்தால் பெரு நிதியாகும். அதன் கணக்கை மாதந்தோறும் அனைவர் முன்னும் படியுங்கள்.
3. வைக்கோல் போரையும் தானியத்தையும் அடுப்படிக்கு அருகில் வைக்காதீர்கள்.
4. வயல் கம்பியில் ஒருபோதும் மின்சாரம் பாய்ச்சாதீர்கள்.
5. வரி இரசீதை உரிமைப் பத்திரம் என்று நம்பியிராதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே பாகத்தை எழுதி, எல்லைக்கல் நட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.
6. வெள்ளம், புயல் வந்தால் மாடுகளை எங்கே ஓட்டுவது என்பதை இன்றே முடிவு செய்யுங்கள். கட்டுத்தறியை அவிழ்த்துவிடும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.
7. உங்கள் ஊரில் முன்பு நேர்ந்த வெள்ளத்தையும் தீயையும் பற்றிப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

மெராபியின் சரிவில் இன்றும் புல் செழித்துள்ளது, மாடுகள் மேய்கின்றன. மலை எப்போது வேண்டுமானாலும் சீறலாம் என்று அறிந்தே அவ்வுழவர் வாழ்கின்றனர். அவர்கள் அச்சத்தைப் போக்கிக்கொள்ளவில்லை, அச்சத்துக்கு ஆயத்தமாக இருக்கக் கற்றுக்கொண்டனர். பயிருக்குப் பூச்சி வருமுன் மருந்தையும் முறையையும் அறிந்து வைப்பது போலவே, ஊருக்கு இடர் வருமுன் அண்டை வீட்டாருடன் கலந்து பேசி வைப்பதும் உழவுத் தொழிலின் ஒரு பகுதியே ஆகும்.